மலை ஏறியதும் சரிந்த மஃபின்: சேலத்துச் செய்முறை ஒன்று ஏற்காட்டில் பட்ட பாடு

சேலம் நகரில் ஒழுங்காக எழும்பி, மேலே லேசாக வெடித்து, ஆறிய பிறகும் வடிவம் கெடாமல் நின்ற பழ மஃபின் அது. மைதா கிடையாது, வெள்ளைச் சர்க்கரை கிடையாது. கோதுமை மாவு, கேழ்வரகு, நாட்டுச்சர்க்கரை, நன்கு பழுத்த வாழைப்பழம், ஆரஞ்சு. அதே அளவுகள், அதே பேக்கிங் பவுடர் டப்பா, அதே ஓ.டி.ஜி. மின்சார அடுப்பு, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுச் சமையலறைக்குப் போயின. பத்தாவது நிமிடத்தில் மஃபின் கப்பை விட்டு வழிந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் நடுவில் குழி. எடுத்து ஆற வைத்துப் பிட்டால் அடியில் களிபோல் ஒரு பட்டை, பழத்துண்டுகள் எல்லாம் அந்தப் பட்டையில்.

இப்படி ஆனதும் வீடுகளில் வழக்கமாக நடப்பது, நான்கைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றுவது. கொஞ்சம் மாவு கூட, கொஞ்சம் நேரம் கூட, தயிர் குறைவு. அடுத்த ஈடு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. இந்த ஆய்வில் அப்படிச் செய்யவில்லை. மஃபினின் வெட்டுமுகத்தைப் படம் எடுத்து, படத்திலிருந்து கோளாறைப் படித்து, ஒவ்வொன்றாகத் திருத்திய விவரம் கீழே. சாப்பாட்டுப் படம் என்றால் அழகுக்கு என்றுதான் நினைக்கிறோம். வீட்டு பேக்கிங்கில் அதன் முதல் பயன் நோய் கண்டுபிடிப்பது.

அளவுகள்

ஆறு மஃபினுக்கான சேலத்து அளவு இது. வீட்டு ஓ.டி.ஜி.யில் பெரும்பாலும் ஆறு குழி ட்ரே ஒன்றுதான் சரியாக உட்காரும். பன்னிரண்டுக்குக் கலந்து பாதியைக் காத்திருக்க வைத்தால், சோடாவின் வாயு கிண்ணத்திலேயே போய்விடும். ஆறு ஆறாகக் கலப்பதே நல்லது.

கோதுமை மாவு 100 கிராம்
கேழ்வரகு மாவு 30 கிராம்
பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன் (4 கிராம்)
சமையல் சோடா கால் டீஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்
நாட்டுச்சர்க்கரை 65 கிராம்
முட்டை 1
வாசனை இல்லாத எண்ணெய் 40 கிராம்
கெட்டித் தயிர் 40 கிராம்
மசித்த வாழைப்பழம் 100 கிராம்
ஆரஞ்சுச் சுளை, நறுக்கியது 60 கிராம்
ஒரு ஆரஞ்சின் தோல் துருவல், வெள்ளைப் பகுதி இல்லாமல்

குழிக்குச் சுமார் 80 கிராம் கலவை வரும். 180 டிகிரி செல்சியஸ், 20 முதல் 22 நிமிடம்.

வாழைப்பழத்தில் பூவன் லேசான புளிப்போடு நல்ல வாசம் தரும். மோரிஸ் இனிப்பு, ஆனால் தண்ணீர் விடும். எதுவானாலும் தோலில் கரும்புள்ளி விழுந்த பழம்தான். நாட்டுச்சர்க்கரையைச் சலித்துக்கொள்ள வேண்டும். கட்டி வெல்லம் என்றால் 20 மி.லி. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆற வைத்துச் சேர்க்க வேண்டும். சூடான பாகு முட்டையில் பட்டால் முட்டை திரிந்து நூல் நூலாக நிற்கும்.

வெட்டுமுகம் சொன்னது

முதல் சந்தேகம் பேக்கிங் பவுடர் மேல். அதைச் சோதிப்பது எளிது: அரை டம்ளர் கொதிநீரில் ஒரு டீஸ்பூன் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்கியது. அடுத்த சந்தேகம், அதிகமாகக் கலக்கியது. மூன்றாவது, மலைப்பகுதியில் குறைகிற மின்னழுத்தம். இந்த மூன்றும் மஃபினைக் கெடுக்கும், ஆனால் மூன்றும் ஒரே மாதிரி கெடுக்காது. அதைப் பிரித்துக் காட்டுவது வெட்டுமுகம்தான்.

அதிகம் கலக்கினால் கோதுமையின் பசைத்தன்மை இறுகிவிடும். வாயு பக்கவாட்டில் பரவ முடியாமல் மேல்நோக்கிக் குடைந்துகொண்டு போகும். வெட்டினால் கீழிருந்து மேலே நீளமான சுரங்கங்கள், உச்சி கூம்பாக நிற்கும். மின்னழுத்தம் குறைந்து வெப்பம் போதாவிட்டால் ஓட்டை சிறிதாக, மஃபின் தட்டையாக, பக்கங்கள் வெளிறி இருக்கும். ஆனால் குழி ஆழமாக விழாது. வாயு அதிகமானால் மேல்பாதியில் பெரிய, ஒழுங்கற்ற ஓட்டைகள்; சுவர்கள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும்; குழிக்கு நேர் கீழே அமுங்கிய இறுக்கமான பட்டை.

ஏற்காட்டுப் படத்தில் இருந்தது கடைசியாகச் சொன்னது, வாயு அதிகமானதன் அடையாளம். சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஓட்டைகள் மேலே பட்டாணி அளவு, கீழே போகப் போக நசுங்கி, கடைசி ஒரு சென்டிமீட்டரில் ஓட்டையே இல்லை.

எப்போது சரிந்தது என்பதும் முக்கியம். அடுப்புக்குள்ளேயே 12 முதல் 15 நிமிடத்துக்குள் குழி விழுந்தால் வாயு அதிகம். வெளியே எடுத்த பிறகு மெல்ல அமுங்கினால் வேகவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகக் கைபேசியைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தால் இது சந்தேகமில்லாமல் தெரியும். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை.

மலை செய்தது என்ன

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். இந்த உயர வித்தியாசத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. அதே அளவு வாயு ஏற்காட்டில் சேலத்தைவிடச் சுமார் 16 சதவீதம் அதிக இடம் பிடிக்கும். கலவையின் சுவர்கள் வெந்து இறுகும் முன்பே குமிழிகள் பெருத்து உடைந்துவிடுகின்றன. இறுகிய பிறகு தாங்க வேண்டிய பாரத்தைப் பச்சையாக இருக்கும்போதே சுமக்கச் சொன்னால் சரியத்தானே செய்யும்.

இதில் நாட்டுச்சர்க்கரைக்கும் பங்கு உண்டு. எந்தச் சர்க்கரையும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மாவுச்சத்து வேகும் நேரத்தைத் தள்ளிப்போடும். மலையில் ஈரம் வேகமாக ஆவியாவதால் மிச்ச ஈரத்தில் சர்க்கரையின் செறிவு கூடி, தாமதம் இன்னும் நீளும். கேழ்வரகில் கோதுமைக்கு உள்ள பசைத்தன்மை இல்லை, ஆகவே சுவர் ஏற்கெனவே பலவீனம். மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் போட்ட கேக் மலையில் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். சத்தான மஃபினுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தண்ணீர் கொதிக்கும் நிலையும் இறங்குகிறது. சேலத்தில் 99 டிகிரியை ஒட்டி. ஏற்காட்டில் 95 அளவில். ஊசி வெப்பமானி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. சமவெளிக் குறிப்புகளில் மஃபின் நடுப்பகுதி 97 அல்லது 98 டிகிரி வந்தால் வெந்தது என்றிருக்கும். ஏற்காட்டில் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால், உள்ளே ஈரம் இருக்கும்வரை அது வரவே வராது. வரும்போது மஃபின் ரஸ்க். அங்கே 92 முதல் 93 போதும்.

திருத்தம்

பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூனாகவும், சோடா அரைக்கால் டீஸ்பூனாகவும் குறைந்தன. முதலில் மாற்றியது இதை மட்டும்தான். குழி மறைந்தது, வழிதல் நின்றது, ஆனால் அடிப்பட்டை முழுதாகப் போகவில்லை. சோடாவை அறவே விடலாமா என்றால், கூடாது. 40 கிராம் தயிர், வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை மூன்றிலும் உள்ள புளிப்பை ஈடுகட்டவும் மேல்நிறம் வரவும் ஒரு சிட்டிகை வேண்டும்.

இரண்டாவது மாற்றம், நாட்டுச்சர்க்கரை 65-லிருந்து 55 கிராம். இனிப்பு குறைந்ததாகத் தெரியாது, வாழைப்பழம் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வெப்பம்: அடுப்பை 200-ல் 15 நிமிடம் காயவைத்து, ட்ரே உள்ளே போனதும் 190-க்கு இறக்கி, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, நடுத்தட்டில் 18 முதல் 20 நிமிடம். சுவர் சீக்கிரம் இறுகுவதற்காகவே இந்தக் கூடுதல் வெப்பம். நாட்டுச்சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால் 200-லேயே விட்டுவிடக் கூடாது. 12 நிமிடம்வரை கதவைத் திறக்கக் கூடாது. 14-ல் ட்ரேயைத் திருப்பலாம்.

மலையில் திரவத்தைக் கூட்ட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி என்பார்கள். ஏற்காட்டில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மழை, பனிமூட்ட நாட்களில் திறந்து வைத்த மாவே ஈரம் இழுத்திருக்கும். வாழைப்பழத்தில் வேறு தண்ணீர். ஒரு மேசைக்கரண்டி பால், 15 மி.லி., போதுமானதாக இருந்தது. வறண்ட மாசி, பங்குனியில் இன்னொன்று சேர்க்கலாம். கரண்டியிலிருந்து கலவை ஓடி விழக் கூடாது; திட்டாக, தயங்கித் தயங்கி விழ வேண்டும்.

குழியை முக்கால் அளவு நிரப்பும் சேலத்து வழக்கமும் இங்கே மூன்றில் இரண்டு பங்காகிறது. ஆறுக்குப் பதில் ஏழு வரும். ஏழாவதைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெய் தடவி ஊற்றி ட்ரேக்குப் பக்கத்தில் வைக்கலாம். முதலில் பிட்டுப் பார்க்க அதுவே ஆகும்.

மின்னழுத்தத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 230 வோல்ட்டுக்கு 1,500 வாட் தருகிற அடுப்பு 190 வோல்ட்டில் ஏறக்குறைய 1,020 வாட்தான் தரும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. திருகியில் 190 என்று இருப்பதை நம்பாமல், உள்ளே தொங்கவிடும் அடுப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே விளக்கும் ஹீட்டரும் போடும் நேரத்தில் பேக்கிங் வேண்டாம்.

பழம் ஏன் அடியில் போகிறது

துண்டுகளை மாவில் பிரட்டிப் போட்டால் மூழ்காது என்பது எல்லா வீட்டிலும் புழங்கும் நம்பிக்கை. அரைகுறை உண்மை. துண்டு பெரிதாக, கலவை தளர்வாக இருந்தால் எவ்வளவு பிரட்டினாலும் மூழ்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது. குழியின் அடியில் பழமில்லாத கலவை ஒரு கரண்டி, அதன் மேல் பழம் கலந்தது, உச்சியில் நான்கைந்து துண்டு. படத்தில் பழம் தெரிய வேண்டுமானாலும் உச்சித் துண்டுகள்தான் கைகொடுக்கும்.

ஆரஞ்சுச் சுளையைத் தோலுரிக்காமல் போட்டால் உள்ளே ரப்பராகும். உரித்துப் போட்டால் சாறு விட்டு, சுற்றிலும் வேகாத வளையம் உண்டாகும். உரித்து, விதை நீக்கி, சல்லடையில் 20 நிமிடம் வடியவிடுவது நடுவழி. வடிந்த சாற்றைப் பாலுக்குப் பதில் சேர்க்கலாம். மணம் உண்மையில் வருவது சுளையிலிருந்து அல்ல, தோல் துருவலிலிருந்து. நாட்டுச்சர்க்கரையோடு அதை விரலால் நசுக்கிப் பிசறி வைத்தால் எண்ணெய் இறங்கி வாசம் இரட்டிப்பாகும்.

சேலத்து மாம்பழக் காலத்தில் மல்கோவா போட ஆசை வரும். நாரில்லாத, சாறு மிகுந்த பழம் அது, மஃபினில் கரைந்துபோகும். கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே செந்தூராவோ பங்கனப்பள்ளியோ எடுத்து, வாணலியில் எதுவும் சேர்க்காமல் மூன்று நிமிடம் புரட்டி ஆற வைத்தால் துண்டு துண்டாக நிற்கும். மல்கோவாவைச் சும்மா சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. ஏற்காட்டுப் பேரிக்காய் நறநறவென்று இருக்கும். அதையும் வதக்கித்தான் போட வேண்டும். பலாச்சுளையை நாருக்குக் குறுக்கே நறுக்க வேண்டும். பட்டர் ஃப்ரூட்டைப் பழமாகச் சேர்ப்பதைவிட எண்ணெயில் பாதிக்குப் பதிலாக மசித்துச் சேர்ப்பது மேல். பச்சை அன்னாசி தயிரோடு நின்றால் கசக்கும். ஒரு கொதி விட்டுப் போட்டால் கசக்காது.

நாவல்பழம் தனிக் கதை. அதன் ஊதா நிறம் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரத்தில் நீலமும் பச்சையுமாகத் திரியும். சோடா கூடின கலவையில் நாவலைச் சுற்றிப் பூசணம் பிடித்த மாதிரி ஒரு சாம்பல் வளையம் வரும். கெட்டுப்போகவில்லை, சோடா கூடிவிட்டது. மேலே தூவிய சூரியகாந்தி விதை மறுநாள் உள்ளே பச்சையாக இருந்தாலும் காரணம் அதுவே.

கலக்கும் முறை

உலர்ந்தவை ஒரு கிண்ணம், ஈரமானவை ஒரு கிண்ணம். கோதுமை மாவைச் சலித்தால் சல்லடையில் தங்கும் தவிட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், அதற்காகத்தானே கோதுமை. ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, அடியிலிருந்து மடித்து மடித்து, பதினைந்து மடிப்புக்குள் நிறுத்த வேண்டும். வெள்ளைத் தூள் மறைந்தால் போதும், கட்டிகள் இருக்கலாம். முட்டை சேர்க்காதவர்கள் 60 கிராம் கெட்டித் தயிரும் ஒரு டீஸ்பூன் ஆளிவிதைப் பொடியும் போட்டு, கேழ்வரகைப் பத்து கிராமுக்குக் குறைத்து, அந்த எடையைக் கோதுமையில் கூட்ட வேண்டும். மலையில் முட்டையும் இல்லாமல் 30 கிராம் கேழ்வரகும் என்றால் சுவர் நிற்காது.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. கால்சியத்துக்காகச் சேர்க்கிறோம் என்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. ஒரு மஃபினுக்கு வருவது ஐந்து கிராம் மாவு, அதாவது 18 மில்லிகிராம் அளவு. அரை டம்ளர் பால் இதைப் போல ஆறேழு மடங்கு தரும். கேழ்வரகு அதன் மண்வாசனைக்கும் நிறத்துக்கும் போடத் தகுந்தது. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். இந்த மஃபினில் சத்து என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது தவிட்டு நாரும் பழமும், கடைக் கேக்கைவிடக் குறைந்த இனிப்பும்.

படம்: ஆய்வுக்கு ஒன்று, பார்வைக்கு ஒன்று

ஆய்வுப் படத்துக்கு அழகு தேவையில்லை, ஒரே மாதிரி எடுப்பது தேவை. மஃபின் குறைந்தது 40 நிமிடம் ஆறியிருக்க வேண்டும். சூடாக அறுத்தால் கத்தி உட்பகுதியை இழுத்துப் பசையாக்கி, நன்றாக வெந்ததும் வேகாததுபோல் தெரியும். பல் வைத்த ரொட்டிக் கத்தியால் அழுத்தாமல் அறுத்து, வெட்டுமுகத்தை ஜன்னலுக்கு நேராகத் திருப்பாமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் நிழல் விழும், ஓட்டையின் அளவு தெரியும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் சமதளம். பக்கத்தில் ஸ்கேலும் தேதியும் சோடா அளவும் எழுதிய வெள்ளைத் தாளும் இருக்கட்டும். தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்பதே நிறம் சரியா என்பதற்கும் சாட்சி.

பார்வைக்கான படத்தில் ஏற்காட்டின் பனிமூட்டம் வரம். ஸ்டுடியோவில் காசு கொடுத்து வாங்கும் மென்வெளிச்சம் ஜன்னலிலேயே நிற்கும். ஆனால் அந்த வெளிச்சம் நீலம் பாய்ந்தது; பழுப்பு மஃபின் சாம்பலாகத் தெரியும். கைபேசியின் புரோ அமைப்பில் வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) 6,500 முதல் 7,500 கெல்வின்வரை ஏற்றினால் நாட்டுச்சர்க்கரை நிறம் திரும்பும். சமையலறை விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் ஜன்னல் நீலம், ஒரு பக்கம் எல்.இ.டி. மஞ்சள் என்று இரண்டு நிறம் விழுந்த படத்தைப் பிறகு எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது.

சேலத்தில் சிக்கல் நேர் எதிர். பத்து மணிக்கு மேல் வெயில் கத்தி மாதிரி விழும், நிழல் கன்னங்கரேல். ஜன்னலுக்குக் குறுக்கே பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் போதும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒன்றை 30 சென்டிமீட்டரில் நிறுத்தினால் இருண்ட பக்கமும் தெளியும்.

கரும்பழுப்பு மஃபினை வெள்ளைத் தட்டில் வைத்தால் கேமரா தட்டைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை 0.5 அளவு மேலே தள்ள வேண்டும். கருப்புப் பலகை என்றால் கீழே. எவர்சில்வர் தட்டு இரும்பாலை ஊருக்குப் பெருமை சேர்க்கலாம், ஆனால் ஜன்னலையும் படம் எடுப்பவரின் சட்டையையும் சேர்த்துக் காட்டும். வாழையிலையில் வைத்தால் பச்சை நிறம் எதிரொளித்து மஃபினின் கீழ்ப்பாதியில் ஏறும். சரியாக வெந்த மஃபின்கூடப் பாசி பிடித்ததுபோல் இருக்கும். மண்தட்டு, ஓலைத் தடுக்கு, வெளுத்த பருத்தித் துணி மூன்றுமே பாதுகாப்பு.

கைபேசியைக் கையளவு தூரத்தில் வைத்து அகல லென்ஸில் எடுத்தால் முன்னால் உள்ள மஃபின் ஊதிப் பெருத்து, பின்னால் இருப்பவை குட்டியாகும். இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாற்றி 60 முதல் 80 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் அமைப்பு காகிதக் கப்பின் மடிப்புகளைக் கடித்துத் தின்னும், வேண்டாம். கேமரா தட்டிலிருந்து 25 முதல் 35 டிகிரி உயரத்தில். தலைக்கு மேலிருந்து எடுத்தால் எழுச்சியே தெரியாது, எழுச்சிக்காகத்தானே இத்தனை பாடும். குளிர்ந்த அறையிலிருந்த கேமராவை ஆவி நிறைந்த சமையலறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். ஐந்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய காகிதக் கப் படத்தில் அழுக்காகத் தெரியும் என்பதால், படத்துக்கு நிற்கும் ஒன்றுக்கு மட்டும் வெளியே இன்னொரு புதுக் கப் மாட்டிவிடலாம். மேலே எண்ணெயோ தேனோ தடவிப் பளபளப்பாக்குவது மட்டும், ஆர்டர் எடுப்பவர்களுக்கு, வேண்டாத வேலை. வாங்கியவர் டப்பாவைத் திறந்ததும் படத்தையும் மஃபினையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இன்னும் மிச்சமிருப்பது

திருத்திய அளவில் வெட்டுமுகம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஓட்டைகளோடு வந்தது. பழம் நடுவில் நின்றது. உச்சி மட்டும் சேலத்தைப் போல் வெடிக்கவில்லை, மெல்லிய மேடாகவே இருக்கிறது. கேழ்வரகை 15 கிராமாக்கினால் வெடிக்கும், நிறமும் வாசமும் குறையும். எது வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். நாட்டுச்சர்க்கரை ஈரம் இழுப்பதால் ஏற்காட்டில் மறுநாளே மேல்பக்கம் பிசுபிசுக்கும்; டப்பாவின் அடியிலும் மேலும் டிஷ்யூ காகிதம் போட்டு, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஆறியதும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீஸரில் வைத்து, சாப்பிடும் முன் 150 டிகிரியில் எட்டு நிமிடம்.